கடை, காம்ப்ளக்ஸ் கட்ட வரைபட அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மனை இருக்கிறது, கீழே நாலு கடை, மேலே ஆபீஸ் என்று ஒரு காம்ப்ளக்ஸ் போட்டால் என்ன என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். தமிழ்நாட்டில் நகராட்சி, மாநகராட்சி, நகரமைப்பு அலுவலகங்கள் ஒரு வணிகக் கட்டடத்தின் வரைபடத்தை எப்படிப் பார்க்கின்றன, எங்கே நிறுத்தி வைக்கின்றன, ஏன் என்று எழுதியிருக்கிறேன். வரைபடம் போட்டுத் தாக்கல் செய்யும் வேலையில் இருப்பவன் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுகிறவர் கட்டடத்துக்குள் நின்றுகொண்டு யோசிக்கிறார்: எத்தனை கடை, எவ்வளவு வாடகை. பரிசீலிப்பவர் ரோட்டில் நின்று உள்ளே பார்க்கிறார்: வண்டி எப்படி நுழையும், மழைத்தண்ணீர் எங்கே போகும், தீப்பிடித்தால் யார் எந்தப் பக்கம் வருவார்கள். ரோட்டில் நின்று வரைபடம் போடத் தொடங்கினால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

கே: சைட் பிளான், பில்டிங் பிளான் இரண்டும் ஒன்றா?

ஒரே தாள்கட்டுக்குள்தான் இருக்கும், ஆனால் வேறு வேறு. பில்டிங் பிளான் என்பது ஒவ்வொரு தளத்தின் அறை, படி, கழிப்பறை, தூண், வெட்டுத்தோற்றம், முகப்பு. சைட் பிளான் மனை முழுவதையும் மேலிருந்து பார்த்தபடி காட்டுவது: நான்கு எல்லைகளின் அளவு, முன்னால் போகும் ரோட்டின் அகலம், கட்டடம் எங்கே உட்காருகிறது, நாலு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, வண்டி நுழையும் வாசல், வெளியேறும் வாசல், பார்க்கிங் கட்டங்கள், போர்வெல், செப்டிக் டேங்க், மழைநீர்க் குழி, டிரான்ஸ்ஃபார்மர் வைக்கும் இடம். முதலில் பிரிப்பது இந்தத் தாளைத்தான். இதில் ஒரு அளவு தட்டினால் மற்ற தாள்களைப் புரட்டவே மாட்டார்கள்.

கே: நான் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?

இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. ஒன்று திட்ட அனுமதி. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி கொடுப்பது. இன்னொன்று கட்டட அனுமதி, உள்ளாட்சி கொடுப்பது. சென்னைப் பெருநகரப் பகுதியில் திட்ட அனுமதிக்கு சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம் அல்லது உள்ளூர்த் திட்டக் குழுமம். சிறிய கட்டடங்களுக்கு இந்த அதிகாரத்தை உள்ளாட்சிக்கே ஒப்படைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும். விண்ணப்பம், வரைபடம், கட்டணம் எல்லாம் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகத்தான்.

முன்பு சென்னைக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று என்று இருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கின. அதன் பிறகும் பல திருத்தங்கள் வந்திருக்கின்றன. அதனால் பக்கத்துக் கடைக்காரர் ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய அனுமதியைப் பார்த்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

கே: என் மனையில் கடை கட்டலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊருக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இருந்தால் ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதோ ஒரு உபயோகத்தில் இருக்கும்: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று. வணிகத்திலும் கலப்புக் குடியிருப்பிலும் கடைக்குப் பெரிய சிக்கல் இல்லை. முதன்மைக் குடியிருப்பில் அளவான சிறு கடைகளோடு சரி. விவசாய உபயோகத்தில் இருந்தால் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். அதற்கு நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள், மாதங்கள் ஆகும்.

மனை வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். "எதிரே துணிக்கடை இருக்கிறது, அதனால் இதுவும் கமர்ஷியல்தான்" என்று தரகர் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துக்கு வேறு சர்வே எண். அதன் உபயோகமும் வேறாக இருக்கலாம்.

இன்னொன்று, மனையே அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குத்தான் அது. வரன்முறை ஆணை கையில் இல்லாமல் கட்டட வரைபடத்தோடு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

கே: பத்திரத்தில் "30 அடி ரோடு" என்று இருக்கிறது. அது போதாதா?

போதாது. அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பரிசீலனையில் கணக்குக்கு வருவது தரையில் இருக்கும் ரோடு. சர்வேயர் வந்து உங்கள் எல்லைக்கல்லில் டேப்பின் ஒரு முனையை வைத்து, எதிர் மனையின் எல்லை வரைக்கும் இழுப்பார். தார் போட்ட பகுதி, ஓரத்து மண், சாக்கடை எல்லாம் சேர்ந்ததுதான் அகலம். எதிர்வீட்டுக்காரர் படிக்கட்டை வெளியே இழுத்துக் கட்டியிருந்தாலோ, காம்பவுண்டை ஒரு அடி முன்னால் தள்ளியிருந்தாலோ குறைவது உங்கள் ரோடு. அதனால் ஒரே இடத்தில் அளக்காமல் மனையின் முகப்பு நெடுக நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள்.

இரண்டடி குறைந்தால் என்ன ஆகும்? விதியில் 9 மீட்டர் ஒரு முக்கியமான எல்லை. 30 அடி என்பது 9.14 மீட்டர். 28 அடி என்பது 8.53 மீட்டர். பத்து சென்ட் மனை என்று வைத்துக்கொள்வோம்: 4,356 சதுர அடி. சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம்: 8,712 சதுர அடி. ரோடு 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கட்டணம் செலுத்தி இதற்கு மேல் 30 சதவீதம் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம்: இன்னொரு 2,613 சதுர அடி. 8.53 மீட்டர் ரோட்டில் அந்த வாய்ப்பே கிடையாது. ரோட்டில் போன இரண்டடி கிட்டத்தட்ட ஒரு மாடியையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. (12 மீட்டர் ரோட்டுக்கு 40 சதவீதம், 18 மீட்டருக்கு 50 சதவீதம்.)

இந்த அளவுகளைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பொறியாளரிடம் மாடி எண்ணிக்கையைப் பேச வேண்டும். பேங்க் லோன் கணக்கு, வாடகைக் கணக்கு எல்லாம் அதற்கு அப்புறம்.

கே: வருவாய் ஆவணங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லோரும் கொண்டுவருகிறார்கள். கவனிக்காமல் விடுவது எஃப்.எம்.பி. எனும் புலப்பட வரைபடம். அதை மேசையில் விரித்து, உங்கள் சர்வே எண்ணுக்குள் ஏதாவது கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால் போகலாம். புள்ளிக்கோடாக ஒரு வண்டிப்பாதை போகலாம். தரையில் அதன் சுவடே இருக்காது. பல வருடமாக அந்த இடத்தில் புல் மட்டும்தான் முளைத்திருக்கும். ஆனால் ஆவணத்தில் இருக்கும் வரை அது அரசின் வாய்க்கால், அரசின் பாதை. அதன் மேல் கட்டடம் வரக் கூடாது.

நகரப் பகுதியில் நகர நில அளவைப் பதிவேடும் அதன் வரைபடமும் வேண்டும். பத்திரத்தில் ஒரு பரப்பு, பட்டாவில் வேறு பரப்பு, தரையில் வேறு பரப்பு என்று மூன்றும் மாறினால் சிறியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தே வரைபடம் போடுங்கள்.

கே: எத்தனை மாடி கட்டலாம்?

உயரம் 18.30 மீட்டர் வரை சாதாரணக் கட்டடம். அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம், அதற்கு விதிகள் வேறு, சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். பத்து, பதினைந்து சென்ட்டில் கட்டுகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

இந்தப் பொது எல்லைக்குள்ளேயே ஊருக்கு ஊர் வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது. கோபுரத்தின் தோற்றம் மறையக் கூடாது என்பதற்காக 1990-களிலேயே வந்த ஆணை. விமான நிலையம் இருக்கும் ஊர்களில் நிறம் பிரித்த உயர வரைபடம் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச்சின்னம் அருகில் என்றால் முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் தனி அனுமதி வேண்டும். தஞ்சாவூர், மாமல்லபுரம் போன்ற ஊர்களில் மனை வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றிக் காலி இடம், எவ்வளவு விட வேண்டும்?

சாதாரணக் கட்டடத்துக்கு முன்பக்கம் ரோட்டைப் பொறுத்தது. 9 மீட்டர் வரையிலான ரோட்டுக்கு 1.5 மீட்டர், அதற்கு மேல் 15.25 மீட்டர் வரை 3 மீட்டர், அதற்கு மேல் 30.5 மீட்டர் வரை 4.5 மீட்டர், அதையும் தாண்டினால் 6 மீட்டர். பக்கங்களும் பின்புறமும் கட்டடத்தின் உயரத்தைப் பொறுத்தவை. உயரம் கூடினால் இடைவெளியும் கூடும். பழைய கடைவீதிகளில் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவித்த இடங்கள் உண்டு. அங்கே பக்கச்சுவரை ஒட்டியே கட்டலாம்.

இந்த இடத்தைச் சும்மா கிடக்கிற இடமாக நினைக்கக் கூடாது. ஜெனரேட்டர் வைப்பது, ஷீட் போட்டு டீக்கடை விடுவது, மாடிக்கு இரும்புப்படி ஏற்றுவது எல்லாம் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. ஆய்வுக்கு வருகிறவர் முதலில் எழுதுவதும் இவற்றைத்தான்.

கே: பார்க்கிங் கணக்கு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது?

நம் ஊர்க் கடைவீதிகளில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. ஒரு கடை தன் வாடிக்கையாளரின் வண்டியை ரோட்டில் நிறுத்தினால், அந்தக் கடை ரோட்டின் ஒரு பகுதியை வாடகை கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறது. பஸ்ஸும் ஆம்புலன்ஸும் அதற்காகக் காத்து நிற்கின்றன. இந்த விஷயத்தில் விதி இன்னும் கறாராக இருந்தால்கூட நான் ஆதரிப்பேன்.

எத்தனை கார், எத்தனை டூவீலர் என்பது கட்டடத்தின் பரப்பையும் உபயோகத்தையும் பொறுத்து அட்டவணையில் இருக்கிறது. ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், ஒரு டூவீலருக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர். பிரச்சினை எண்ணிக்கையில் வருவதில்லை, தூணில்தான் வருகிறது. ஸ்டில்ட் தளத்தில், அதாவது சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தில், தூண்களை மையத்துக்கு மையம் 5 மீட்டர் என்று போட்டுவிட்டு, நடுவே இரண்டு கார் என்று கோடு கிழித்துவிடுவார்கள். 9 அங்குலத் தூணைக் கழித்தால் மிஞ்சுவது 4.77 மீட்டர். இரண்டு காருக்கு 5 மீட்டர் வேண்டும். பரிசீலிப்பவர் ஸ்கேலை வைத்த உடனே தெரிந்துவிடும். பத்து கார் என்று எழுதிய இடத்தில் ஐந்துதான் நிற்கும். அப்புறம் தூணை நகர்த்தினால் மேல் தளத்துக் கடைகளின் அளவே மாறும், கட்டமைப்புப் பொறியாளர் மறுபடி கணக்குப் போட வேண்டும். பார்க்கிங்கை முதலில் வரைந்து, அதற்கேற்பத் தூணை வைத்து, அதன் மேல் கடையை அமையுங்கள்.

கார் திரும்பும் இடத்தையும் காட்ட வேண்டும். ஒருவழிப் பாதைக்கு 3.5 மீட்டராவது வேண்டும். ரிவர்ஸிலேயே மெயின் ரோட்டுக்கு வர வேண்டிய அமைப்பை யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

கே: சாய்வுப்பாதை கட்டாயமா? எங்கள் கடைக்கு சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லையே?

கட்டாயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 44-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு அனுமதியும் கொடுக்கக் கூடாது, பணி முடிப்புச் சான்றும் கொடுக்கக் கூடாது. அவர்கள் வராததற்குக் காரணம் நான்கு படிகள். படியை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று சொல்வது நியாயமில்லை. முழங்கால் வலியோடு மருந்துக்கடைக்கு வரும் அம்மாவும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவரும், அரிசி மூட்டை இறக்குகிற தொழிலாளியும் அதே சாய்வில்தான் ஏறுவார்கள்.

சரிவு 12-க்கு 1. தரைமட்டத்திலிருந்து கடைத்தளம் 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்வுப்பாதையின் நீளம் 7.2 மீட்டர், கிட்டத்தட்ட 24 அடி. முன்னால் விட்டிருப்பது 3 மீட்டர்தான் என்றால் நேராக இறக்க முடியாது. கட்டடத்தின் முகப்பை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும், அல்லது நடுவில் ஒரு தட்டு வைத்துத் திருப்ப வேண்டும். வரைபடத்தில் இதை முதலிலேயே போட்டால் அழகாக உட்காரும். கடைசியில் செருகினால் செங்குத்தாக ஒரு சறுக்குமரம் வரும். அதில் யாரும் ஏற முடியாது, ஆய்விலும் தேறாது. ரோடு மறுபடி மறுபடி உயரும் என்று பயந்து தளத்தை நாலடி ஏற்றுகிறவர்கள், அதற்கேற்ற சாய்வுக்கு 48 அடி எங்கே இருக்கிறது என்றும் யோசிக்க வேண்டும்.

கழிப்பறையில் ஒன்றாவது சக்கர நாற்காலி நுழையும்படி இருக்க வேண்டும். பார்க்கிங்கிலும் நுழைவாசலுக்குப் பக்கத்தில் அவர்களுக்கென்று இடம் ஒதுக்க வேண்டும்.

கே: மழைநீர் விஷயத்தில் என்ன பார்க்கிறார்கள்?

மழைநீர் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம். மொட்டைமாடிக் குழாய் எங்கே இறங்குகிறது, எந்தக் குழியில் சேர்கிறது என்று சைட் பிளானில் கோடு இருக்க வேண்டும். தாழ்வான பகுதி, ஏரி, ஓடை அருகில் என்றால் நீர்வளத் துறையிடம் வெள்ளப் பாதிப்புக் கோணத்தில் சான்று கேட்பார்கள். மனையை எவ்வளவு உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று அதில் நிபந்தனை போடுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் பார்த்தவர்கள் இந்தச் சான்றைத் தொல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

கே: தீயணைப்பு அனுமதி எல்லோருக்கும் வேண்டுமா?

உயர்மாடிக் கட்டடம், திரையரங்கு, மண்டபம் போல நிறையப் பேர் கூடும் இடங்களுக்குத் தீயணைப்புத் துறையின் சான்று கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கடைகளுக்குத் தனிச்சான்று இல்லாவிட்டாலும் வரைபடத்தில் படிக்கட்டின் அகலம், வெளியேறும் வழி, வண்டி நுழையும் இடம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

2017 மே 31 அதிகாலை தி. நகர் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை தீப்பிடித்தது நினைவிருக்கும். ஒரு நாளைத் தாண்டி எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, பின்னர் முழுவதையும் இடித்தார்கள். நெருக்கமான கடைவீதியில் சுற்றிலும் இடமில்லாமல், துணியும் அட்டைப்பெட்டியும் அடைத்து வைத்த கட்டடம் எரிந்தால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களால் உள்ளே நெருங்கவே முடியாது. பக்க இடைவெளியை வாடகைக்கு விடத் தோன்றும்போதெல்லாம் அந்தப் புகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: வேறு எந்தெந்தத் துறையின் என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று) தேவைப்படலாம்?

மனையைப் பொறுத்தது. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலையை ஒட்டி வாசல் வைத்தால் அந்தந்தத் துறை. ரயில் பாதை அருகில் ரயில்வே. கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். பெரிய வணிக வளாகங்களுக்குப் போக்குவரத்துக் காவல். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி. ஒவ்வொன்றும் தனித்தனி அலுவலகம் என்பதால், பொருந்துபவற்றை முதல் வாரத்திலேயே பட்டியல் போட்டு ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். ஒன்று முடிந்து அடுத்தது என்று போனால் வருடம் ஓடிவிடும்.

கே: ரோட்டுக்கு இடம் தானமாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

முழுமைத் திட்டத்தில் அந்த ரோடு அகலப்படுத்தப்பட வேண்டியது என்று இருந்தால், அந்தப் பட்டையைத் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்த இடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. பலனோ, மாற்றத்தக்க வளர்ச்சி உரிமையோ (கொடுத்த இடத்துக்கு ஈடாக வேறு மனையில் கட்டவோ விற்கவோ கூடிய உரிமை) கேட்டுப் பெறலாம். பலர் கேட்பதே இல்லை. மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட வழி உண்டு. அதற்கு மேல் இடமாகவே கொடுக்க வேண்டும்.

கே: என்னென்ன கட்டணம் வரும்?

பரிசீலனைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், உள்கட்டமைப்பு வசதிக் கட்டணம், காப்புத்தொகை, பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் அதற்கு, கட்டுமான மதிப்பில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல நிதி. காப்புத்தொகை மட்டும் வரைபடப்படியே கட்டி முடித்தால் திரும்பக் கிடைக்கும். அந்த ரசீதைப் பத்திரத்தோடு வைத்திருங்கள்.

கே: சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கும் என்கிறார்களே?

2024 ஜூலையில் வந்த அந்தத் திட்டம் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு. கடைக்குப் பொருந்தாது. வீடு என்று அனுமதி வாங்கிக் கடையாக மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: புரோக்கர் இல்லாமல் முடியுமா?

முடியும். உங்களுக்குத் தேவை பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர். பெரிய கட்டடம் என்றால் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரும். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பவர் அவர்தான். விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணில் இருக்கட்டும். திருத்தம் கேட்டுக் குறிப்பு வந்தால் அது உங்களுக்கே நேராக வரும். "ஆபீஸில் கேட்கிறார்கள்" என்று நடுவில் யாரும் கதை சொல்ல முடியாது. குறிப்பில் எழுதாத எதையும் கொடுக்க வேண்டியதில்லை. பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது.

திருத்தக் குறிப்பு வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் பதில் கொடுங்கள். நாலில் மூன்றைச் சரிசெய்து அனுப்பினால் கோப்பு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகும். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, 1971 சட்டத்தின் 79-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

கே: நான் கட்டுபவன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன். எனக்கு என்ன வழி?

தனி ஒரு கட்டடத்துக்கு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். அமெரிக்க ஊர்களில் இப்படி ஒரு வரைபடம் வந்தால் பக்கத்து மனைக்காரருக்குக் கடிதம் அனுப்பிப் பொதுக்கூட்டத்தில் விவாதிப்பது சாதாரணம். இங்கே உங்கள் கையில் இருப்பவை மூன்று. நில உபயோக மாற்றத்துக்கான நாளிதழ் அறிவிப்பு வரும்போது கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அனுமதி வரைபடத்தின் நகல் கேட்கலாம். அப்புறம், 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, கட்டுமானம் முடியும் வரை அனுமதி வரைபடத்தை அந்த இடத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். தகரத் தடுப்பில் அது இல்லாவிட்டால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கே: கட்டி முடித்துவிட்டேன். கொஞ்சம் மாறித்தான் வந்திருக்கிறது. பணி முடிப்புச் சான்று வாங்காவிட்டால் என்ன?

அதே 2024 தீர்ப்பு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளைப் பணி முடிப்புச் சான்று பார்த்த பிறகே கொடுக்கச் சொல்கிறது. அனுமதி மீறிய கட்டடத்தில் தொழில் உரிமம் கொடுக்கக் கூடாது, வங்கிகளும் சான்றைப் பார்த்துத்தான் கடன் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட சிறு கட்டடங்களுக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு மீறலை மன்னிப்பதில்லை.

மீறலுக்கு 1971 சட்டத்தின் 56, 57-ஆவது பிரிவுகளில் வேலையை நிறுத்தவும், பூட்டி சீல் வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. 2011-இல் தீபாவளி முடிந்த கையோடு தி. நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பல கடைகளுக்கு சீல் வைத்தார்கள். பொங்கல் நெருங்கும் வரை பூட்டுத் தொங்கியது. "வரன்முறைத் திட்டம் மறுபடி வரும்" என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். மீறலை வரன்முறைப்படுத்தும், அதே சட்டத்தின் 113-சி பிரிவு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். இன்று கட்டுகிறவர் அதை நம்பி ஒரு செங்கல் வைக்கக் கூடாது.

கே: நான் வாடகைக்கு எடுக்கப் போகிறேன். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

அனுமதி வரைபடத்தின் நகல், பணி முடிப்புச் சான்று, சொத்துவரி ரசீதில் வணிக உபயோகம் என்று இருக்கிறதா என்பது. வரைபடத்தில் பார்க்கிங் என்று போட்டிருக்கும் இடத்தைக் கடையாகக் காட்டி அட்வான்ஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீல் வைக்கும்போது உள்ளே இருக்கும் சரக்கு உங்களுடையது.

கே: அனுமதி வாங்கிய பிறகு நடுவில் ஏதாவது மாற்றலாமா?

கடைக்குள் தடுப்புச்சுவரை நகர்த்துவது, ஷட்டர் வகையை மாற்றுவது போன்றவை பிரச்சினை ஆகாது. வெளிச்சுவர், உயரம், படிக்கட்டு, லிஃப்ட், பார்க்கிங், உபயோகம் இவற்றில் எது மாறினாலும் திருத்திய வரைபடம் தாக்கல் செய்ய வேண்டும். ஜவுளிக்கடை என்று வாங்கிய தளத்தை நடுவில் கிளினிக் ஆக்குவதும் உபயோக மாற்றம்தான். பார்க்கிங் கணக்கு, படிக்கட்டு அகலம் எல்லாம் மாறும். தாக்கல் செய்துவிட்டு, ஆணை கைக்கு வரும் வரை மாற்றம் வரப்போகும் பகுதியை மட்டும் நிறுத்தி வையுங்கள். அனுமதியில் ஏற்கெனவே உள்ளபடி நடக்கிற மற்ற வேலைகளைத் தொடரலாம். அடித்தள மட்டம் முடிந்ததும் அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆய்வுக்குக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.